கொழுந்துக்கும் ஆளுக்கும் ஒரே வண்டி

தோட்டத்தில் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்று இருந்தால் அதற்கு ஓய்வு என்பது கிடையாது. பகலெல்லாம் கொழுந்து இழுக்கும். சம்பளத்தன்று கிளாக்கர் ஐயாவையும் காசுப் பெட்டியையும் பேங்கிலிருந்து ஏற்றிவரும். ராத்திரியில் யாருக்காவது பிள்ளைவலி எடுத்தால் டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடும். டிக்கோயாப் பக்கம் எங்கள் தோட்டத்தில் இருந்த லேண்ட் ரோவரும் அப்படித்தான் ஓடியது. அதை ஓட்டியவர் என் அப்பா. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அவருக்குப் பக்கத்து சீட்டில் நான் இருப்பேன். பின்னாளில் அட்டனில் ஒரு ஸ்பிரிங் கராஜில் வேலைக்குச் சேர்ந்து அதுவே எனக்குப் பிழைப்பானது. பின்னால் ட்ரெயிலர் பூட்டி இழுக்கிற ஜீப்புக்கு ஸ்பிரிங் தெரிவுசெய்வது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதை அந்தக் கராஜுக்குப் போவதற்கு முன்பே அப்பாவின் வண்டியில் தெரிந்துகொண்டேன்.

லேண்ட் ரோவர் 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் முதன்முதல் காட்டப்பட்ட வண்டி. விவசாயிக்கு உழவு, இழுவை, பயணம் மூன்றுக்கும் ஆகட்டும் என்று இங்கிலாந்தின் ரோவர் கம்பனி செய்தது. வெள்ளைக்காரத் துரைமார் இருந்த மலைநாட்டுக்கு அது வந்து சேர அதிக காலம் ஆகவில்லை. அட்டன் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீட்டர் உயரம். நுவரெலியா 1,868 மீட்டர். இந்த இரண்டுக்கும் நடுவிலும் சுற்றிலும் உள்ள தோட்ட ரோட்டுகள் மாட்டு வண்டிக் காலத்தில் கல் பாவிப் போட்டவை. மழைக்காலத்தில் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போனால் கல் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். சாதாரணக் கார் அதில் நாலு நாள் தாங்காது.

எங்கள் வண்டி, இரண்டு அச்சுக்கும் நடுவே 109 அங்குல இடைவெளி கொண்ட, பின்பக்கம் திறந்த பிக்கப். முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். 1975இல் நிலச் சீர்திருத்தச் சட்டத்தைத் திருத்திக் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது, பங்களா, ஸ்டோர் எனும் தேயிலைத் தொழிற்சாலை, தொழிலாளர் லயம் என்று தோட்டத்தில் இருந்ததெல்லாம் கைமாறிற்று. லேண்ட் ரோவரும் அந்தக் கணக்கில் ஒன்று. வண்டி மாறவில்லை, டிரைவரும் மாறவில்லை. ஆனால் அது இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். ஒரு புஷ் தேய்ந்தால்கூட மாற்றுச் சாமான் கிடைக்காது.

கொழுந்துக் கணக்கைச் சொன்னால்தான் ஸ்பிரிங்கின் பாடு விளங்கும். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலு முதல் ஐந்து கிலோ வரை பச்சைக் கொழுந்து வேண்டும். பச்சைக் கொழுந்தில் நாலில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர்தான். அப்பா காலத்தில் றாத்தல் கணக்கு. இன்றைய கணக்கில் சொன்னால், ஒரு மலையில் 50 பேர் ஆளுக்கு 18 கிலோ பறித்தால் 900 கிலோ. அதைச் சாக்குகளில் கட்டி ட்ரெயிலரில் ஏற்றினால், ட்ரெயிலரின் சொந்தப் பாரத்தோடு ஒரு டன்னைத் தாண்டிவிடும். மழை நாளில் இலைமேல் ஒட்டிய நீர் வேறு. அந்தப் பாரத்தோடு மேட்டில் ஏறி, கொண்டை ஊசி வளைவில் திரும்பி, ஸ்டோர் வாசலுக்கு வரவேண்டும். வழியில் கொழுந்து நசுங்கக்கூடாது. அடிபட்ட கொழுந்து சாக்குக்குள்ளேயே சூடேறிச் சிவந்துபோகும். அப்படி வந்தால் டீமேக்கர் ஐயா முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

ட்ரெயிலரின் முழுப் பாரமும் ஜீப்பில் இறங்குவதில்லை. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இறங்குவதுதான் நல்லது. அதைவிடக் குறைந்தால் ட்ரெயிலர் இரு பக்கமும் ஆட ஆரம்பிக்கும். இறக்க வசதியாக இருக்கட்டும் என்று லோடிங் பையன்கள் சாக்குகளைப் பின் கதவோரம் அடுக்குவார்கள். அப்பா விடமாட்டார். "முன்னுக்குத் தள்ளுங்கடா, பாரம் கொக்கிக்கு வரணும்" என்று நின்று பார்த்து அடுக்க வைப்பார்.

கொக்கியில் இறங்குகிற பாரத்துக்கு ஒரு குணம் உண்டு. அது பின் அச்சுக்கும் பின்னால் நின்று அழுத்துகிறது. 109 அங்குல வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2.77 மீட்டர். கொக்கி பின் அச்சிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொக்கியில் 100 கிலோ இறங்கினால் பின் ஸ்பிரிங்குகள் தாங்கவேண்டியது 136 கிலோ. மிகுதி 36 கிலோ முன் சக்கரங்களிலிருந்து தூக்கப்பட்டு வருகிறது. அதனால்தான் ட்ரெயிலர் பூட்டியதும் பின்புறம் தாழ்ந்து முன்புறம் நிமிர்கிறது. ஸ்டியரிங் லேசாகிறது. லைட் ரோட்டை விட்டுவிட்டு எதிர் மலையைப் பார்க்கிறது. முன் சக்கரத்துக்குப் பாரம் குறைந்தால் இறக்கத்தில் பிரேக்கும் அந்தளவுக்குக் குறைவாகத்தான் பிடிக்கும்.

எங்கள் வண்டியின் பின் ஸ்பிரிங் வருடக்கணக்காக இந்தப் பாரத்தில் உழைத்துப் படுத்துப்போயிற்று. வளைந்து நிற்கவேண்டிய பட்டைகள் நேர்க்கோடாகிவிட்டன. பிறகு ஒரு நாள் வலது பக்கத்தில் ஒரு பட்டை உடைந்தது. புதிது கிடைக்காத காலம். தோட்ட ஒபிசில் ஒரு முடிவு எடுத்தார்கள்: ஒரு பழைய லொறியின் பட்டைகளை வெட்டி, பக்கத்துக்கு இரண்டு கூடுதலாகப் போட்டுவிட வேண்டும், அப்படிச் செய்தால் ட்ரெயிலரில் இன்னும் நாலு சாக்கு ஏற்றலாம். அப்பா வேண்டாம் என்று சொன்னார். டிரைவர் சொல் ஒபிசில் ஏறவில்லை.

லொறிப் பட்டை தடிப்பமானது. பட்டை ஸ்பிரிங்கின் விறைப்பு தடிப்பத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 6 மில்லிமீட்டர்ப் பட்டை இருந்த இடத்தில் 8 மில்லிமீட்டர்ப் பட்டையை வைத்தால் அந்த ஒரு பட்டை மட்டும் 2.37 மடங்கு விறைக்கும். கண்ணால் பார்க்க இரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். வண்டிக்கு அது வேறு உலகம். பாரம் ஏற்றினாலும் பின்புறம் இறங்கவில்லை என்று ஒபிசில் சந்தோஷப்பட்டார்கள். வண்டி நிமிர்ந்து நின்றதே தவிர, செஸிக்கும் அச்சுக்கும் பிரேக்குக்கும் பலம் ஒரு துளி கூடவில்லை. முன்பு ஸ்பிரிங் வாங்கிக்கொண்ட அடியை இப்போது செஸி வாங்கத் தொடங்கியது. ஸ்பிரிங் தொங்குகிற இடத்தில் செஸி வெடிப்பு விட்டது. ஷெக்கல் புஷ் அடிக்கடி போனது. கொழுந்தும் முன்னைவிட அதிகமாகச் சிவந்து வந்தது.

ஆனால் அந்த ஸ்பிரிங்கின் உண்மையான விலையைக் கொடுத்தவர்கள் வெறும் வண்டியின் பின்னால் ஏறிய மனிதர்கள். ட்ரெயிலர் பாரத்துக்கென்று விறைத்த ஸ்பிரிங் வெறும் வண்டியில் அசையவே அசையாது. கல்லில் ஏறும் ஒவ்வொரு தடவையும் பின் சக்கரம் நிலத்தை விட்டு எழும்பி விழும். அந்தத் தளத்தில்தான் காய்ச்சல்காரரும், மரத்தில் இருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவரும், பிள்ளைவலி எடுத்த பெண்களும் படுத்துக்கொண்டு போனார்கள்.

ஒரு தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், மேல் டிவிஷன் லயத்திலிருந்து ஓர் அக்காவை ராத்திரியில் கொண்டுபோக வேண்டியிருந்தது. தலைப்பிரசவம். தோட்ட மருத்துவர் பார்த்துவிட்டு உடனே டவுனுக்கு என்று சொல்லிவிட்டார். ஆட்கள் கதவைத் தட்டியதும் அப்பா எழுந்து நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட்டப் போகவில்லை. முதலில் உரக் காம்பராவைத் திறக்கச் சொன்னார். வண்டியின் தளத்தில், பின் அச்சுக்கு நேர் மேலே, உர மூட்டைகளை இரண்டு அடுக்காகப் போட்டார். மூட்டைமேல் வைக்கோல், அதன்மேல் படங்கு, அதன்மேல் கம்பளி. பிறகு நாலு டயரிலும் கொஞ்சம் காற்றை இறக்கினார். சுற்றி நின்றவர்களுக்கு நேரம் போகிறதே என்ற பதைப்பு. அந்த அக்காவின் மாமியார், "என்னாங்க டிரைவர் தம்பி, மூட்டையா ஏத்துற நேரம் இது?" என்று கத்தினார். அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "பாரம் இல்லாம இந்த வண்டி புள்ளைய ஒதறிப்புடும் ஆத்தா."

மூட்டைகளின் பாரத்தில் அந்த விறைத்த ஸ்பிரிங் கொஞ்சம் இறங்கி வேலை செய்தது. நான் முன் சீட்டில் இருந்து டோர்ச் லைட்டைப் பின்னால் அடித்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அப்பா வண்டியை நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவந்து, ஒரு சக்கரத்தை முதலில் இறக்கி, மற்றதைப் பிறகு இறக்கினார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அன்று பிறந்தவள் இன்று ஓர் ஆசிரியை. எல்லாரும் அப்படிப் பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும் முன்னமே போய்விட்டவர்களை அப்பா திருப்பிக் கொண்டுவந்ததும் உண்டு. அந்த நாட்களில் வீட்டில் அவர் சாப்பிடமாட்டார்.

1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் மோட்டார்ச் சாமான் கடைகள் நிறைந்தன. புதிதாக வந்த துரை ஒருவர் அப்பாவைக் கூப்பிட்டு, ஸ்பிரிங் விஷயத்தில் என்ன செய்யலாம் என்று கேட்டார். அப்பா அவரிடம், "அட்டன் பாஸ் என்ன சொல்றாரோ அதத்தான் செய்யணுங்க ஐயா" என்றார். ஸ்பிரிங் கராஜ் மேஸ்திரியான அந்த பாஸ் ஒரு சிங்களவர். தோட்டத்துத் தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார். பிற்பாடு எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரும் அவரே.

அவர் வண்டிக்கு அடியில் குனிவதற்கு முன்னால் கேள்விதான் கேட்டார். "டிரைவர் அண்ணே, தினமும் ஓடுறதுல எத்தனை பங்கு பாரத்தோட, எத்தனை பங்கு சும்மா? கூடின பாரம் எவ்வளவு? பின்னால ஆள் ஏறுறதா?" அப்பா ஸ்டோர்க் கணக்கிலிருந்து எழுதிக்கொண்டு வந்த கொழுந்து நிறையைக் காட்டினார். பாஸ் பின் அச்சுக்கும் செஸியில் உள்ள அடிதாங்கி ரப்பருக்கும் இடையே உள்ள தூரத்தை வெறும் வண்டியில் அளந்து சோக்கட்டியால் கராஜ் சுவரில் எழுதினார். தோட்டத்துக்குப் போய் முழுப் பாரத்தோடும் அளந்துவரச் சொல்லி அனுப்பினார். இரண்டு எண்ணும் கைக்கு வந்த பிறகுதான் வேலையைத் தொட்டார்.

பட்டைக் கட்டைக் கழற்றியபோது நான் பக்கத்தில் இருந்தேன். யூ போல்ட் நாலும் வந்ததும் நடுவில் உள்ள சென்டர் போல்ட்டை அறுத்தார். பட்டைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. அவற்றுக்கு நடுவே துருவும் மண்ணும் சேர்ந்து ஒரே கட்டியாக இறுகியிருந்தன. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கினால்தான் ஸ்பிரிங் வளையும். துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் எத்தனை பட்டை போட்டாலும் அது ஒரே இரும்புக் கட்டைதான். பாஸ் லொறிப் பட்டைகளைத் தூக்கி மூலையில் போட்டார்.

பிறகு அவர் செய்தது இது. பஞ்சிகாவத்தையிலிருந்து வந்த பட்டைகளில், கம்பனி முதலில் போட்ட தடிப்பம் எதுவோ அதையே எடுத்தார். எண்ணிக்கையையும் கூட்டவில்லை. பாரம் ஏற்றும் வண்டிக்கென்று தனியாக விற்ற கனத்த கட்டு பக்கத்திலேயே கிடந்தது, அதைத் தொடவில்லை. அடியில் மட்டும் ஒரு பட்டையைத் தனியாகச் சேர்த்தார். அது குட்டையானது, தடிப்பமானது, வளைவே இல்லாதது. வண்டி வெறுமையாக நிற்கும்போது அதன் நுனிகள் மேல் பட்டையைத் தொடாது. பாரம் ஏறி மேல் பட்டைகள் தாழ்ந்து வந்ததும் அதன்மேல் உட்காரும். அதற்குப் பிறகுதான் அது வேலைக்கு வரும். வெறும் வண்டியில் இளக்கம், பாரத்தில் விறைப்பு. இரண்டையும் ஒரே கட்டில் கொண்டுவந்துவிட்டார்.

டிரைவர் பக்கத்துக் கட்டையும் மற்றப் பக்கத்துக் கட்டையும் மாறிப் போகாமல் சோக்கட்டியால் குறியிட்டார். டிரைவரும் சீட்டுக்கு அடியில் உள்ள பெற்றோல் தாங்கியும் ஒரே பக்கம் என்பதால் அந்தப் பக்கத்து ஸ்பிரிங்குக்குக் கம்பனியே வளைவைக் கூட்டித்தான் செய்கிறது. இடம் மாற்றிப் பூட்டினால் வண்டி ஒரு தோளைச் சரித்துக்கொண்டு நிற்கும். ஸ்பிரிங்கின் நுனிக் கண்ணில் போகிற புஷ் போல்ட்டுகளை முதலில் கையால் மட்டும் ஏற்றினார். வண்டியை ஜாக்கிலிருந்து இறக்கி, பாரம் சக்கரத்தில் விழுந்த பிறகே சாவி போட்டு இறுக்கினார். அந்தரத்தில் இறுக்கினால் வண்டி இறங்கும்போது ரப்பர் முறுக்கி, சில மாதத்தில் கிழிந்துவிடும். கடைசியில் புது ஷொக் அப்சோர்பர். ஸ்பிரிங் அடியை வாங்கும். வாங்கிய பிறகு திரும்பத் திரும்ப ஆடாமல் நிறுத்துவது ஷொக் அப்சோர்பரின் வேலை. இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றினால் காசு வீண். "கொஞ்சம் ஓடின பொறகு யூ போல்ட்ட இறுக்காம விட்டா என்கிட்ட வராதீங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

அதற்குப் பிறகு ஆள் ஏற்ற அப்பா உர மூட்டை தேடவில்லை. கொழுந்துக் கணக்கும் குறையவில்லை.

இந்தச் சிக்கலைப் பெரிய கம்பனிகளும் பட்டுத்தான் அறிந்தன. 1970இல் ரேஞ்ச் ரோவர் வந்தபோது நாலு பக்கமும் சுருள் ஸ்பிரிங்கோடு வந்தது. ஸ்பிரிங்கை இளக்கமாக வைத்துவிட்டு, பாரம் ஏறினால் பின்புறத்தைத் தானாக மட்டத்துக்குக் கொண்டுவரும் கருவி ஒன்றைப் பின் அச்சில் வைத்தார்கள். 1983இல் 110 அங்குல லேண்ட் ரோவரும் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறியது. பட்டை போய்ச் சுருள் வந்தாலும் கேள்வி மாறவில்லை.

எங்கள் உறவில் தம்பி முறையான ஒருவர் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார். குடும்பத்தோடு ஊர் சுற்ற ஒரு கரவன் வாங்கி, அதை இழுக்க ஒரு பெரிய ஜீப்பும் வைத்திருக்கிறார். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் உள்ள அந்தச் சக்கர வீடு இரண்டரை டன் என்றார். கொக்கியில் ஏறத்தாழ 250 கிலோ. பின்புறம் இறங்குகிறது, எந்த ஸ்பிரிங் போடலாம் என்று என்னைக் கேட்டார். பாஸ் அப்பாவிடம் கேட்ட அதே கேள்விகளைத்தான் நான் அவரிடம் கேட்டேன். கரவன் இல்லாமல் வண்டி எத்தனை நாள் ஓடுகிறது? எப்போதும் வண்டியிலேயே இருக்கிற சாமான் எவ்வளவு நிறை? நிறுத்துப் பார்த்தீர்களா?

அங்கே ஸ்பிரிங் விற்பதே நிரந்தரப் பாரம் இத்தனை கிலோ என்ற கணக்கில்தான். வருடம் முழுவதும் வேலைச் சாமான் சுமக்கிற வண்டிக்குக் கனத்த ஸ்பிரிங் சரி. விடுமுறைக்கு மட்டும் கரவன் இழுத்து, மற்ற நாளெல்லாம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோகிற வண்டிக்கு அதைப் போட்டால் பிள்ளைகள் குலுங்குவார்கள். ஈர ரோட்டு வளைவில் பின் சக்கரம் பிடி விடும். அப்படிப்பட்ட வண்டிக்கு நடுத்தர ஸ்பிரிங் போட்டு, சுருளுக்குள் காற்றுப் பை வைத்து, கரவன் பூட்டும் நாளில் மட்டும் காற்றடிப்பது ஒரு வழி. முன் சக்கரங்களிலிருந்து போன பாரத்தைத் திருப்பிக் கொடுக்கிற கம்பிகள் கொண்ட கொக்கியைப் பூட்டுவது இன்னொரு வழி. கரவன் செய்தவர்களும் ஜீப் செய்தவர்களும் சம்மதிக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டை ஸ்பிரிங் வண்டியில் காற்றுப் பையைச் செஸிக்கும் அச்சுக்கும் நடுவே வைத்து, அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் செஸியே வளைந்துபோகும். கரவன், தண்ணீர், ஆள், சாமான் எல்லாவற்றோடும் தராசில் ஏற்றி ஒவ்வோர் அச்சையும் நிறுக்கச் சொன்னேன். கம்பனி எழுதிய எல்லையை எந்த ஸ்பிரிங்கும் உயர்த்தித் தராது என்றும் சொன்னேன். நிறுத்த பிறகு பாதிச் சாமானை இறக்கிவிட்டு, நடுத்தர ஸ்பிரிங்கே போட்டார்.

எங்கள் தோட்டத்துக் கதைக்கு வருகிறேன். 1992இல் தோட்ட நிர்வாகம் மறுபடி கம்பனிகளிடம் போயிற்று. இந்திய உதவியோடு கட்டிய டிக்கோயா ஆஸ்பத்திரிக் கட்டடம் 2017 மே மாதம் திறக்கப்பட்டது. இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி வந்து திறந்துவைத்தார். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வருகிற சுவசெரிய அம்புலன்ஸ் சேவையும் மலைநாட்டுக்கு வந்துவிட்டது. எத்தனையோ உயிரை அது காப்பாற்றுகிறது, அதற்கு நன்றி. ஆனால் அந்த வண்டி தார் ரோட்டுக்குச் செய்தது. மேல் டிவிஷன் லயத்துக்கு ஏறுகிற கல் ரோட்டில் அது திணறும். அங்கிருந்து கீழே இறங்குவதற்கு இன்றும் பல தோட்டங்களில் கொழுந்து லொறியும் ட்ரக்டர் ட்ரெயிலரும்தான் கதி. அவற்றின் ஸ்பிரிங் கொழுந்துக்கென்று தெரிவுசெய்தவை. அதன்மேல் ஒரு கர்ப்பிணி படுத்துப் போகும் காட்சி மாறவேண்டும்.

தோட்டக் கம்பனிகளுக்கும் மலையகத்துக்கு வண்டி ஒதுக்குகிற அமைச்சுகளுக்கும் நான் கேட்பது பெரிய காரியமில்லை. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஆள் ஏற்ற மட்டும் நான்கு சக்கரமும் இழுக்கிற ஒரு வண்டி கொடுங்கள். அதில் கொழுந்தோ உரமோ ஏற்றவேண்டாம். அதற்கு ஸ்பிரிங் போடும்போது டிரைவரையும் தோட்ட மருத்துவரையும் கூப்பிட்டு, யார் யார் அதில் படுத்துப் போகிறார்கள், எந்த ரோட்டில் போகிறார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்கிற பாரத்துக்கு ஸ்பிரிங் போடுங்கள்.